எனக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்க் குடிதண்ணீர் பில்டர் ஹவுஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பழையதில் நான்தான் ஆபரேட்டர். மணல் தொட்டி விரிசல் விட்டு, மழைக்காலத்தில் குழாயில் செம்மண் கலங்கலாகவே வரும். தெருவில் யாராவது குடத்தைத் தூக்கிக் காட்டினால், எங்கள் வீட்டிலும் இதைத்தான் குடிக்கிறோம், யாரும் செத்துப்போகவில்லை என்று வாயை அடைப்பேன்.

புது நிலையத்துத் தண்ணீர் பளிங்காக வந்தது. ஆனால் மருந்து வாடை அடிக்கிறதென்று ஜனங்கள் அதை மாட்டுக்கு வைத்துவிட்டு, பழையபடி ஊருணிக்கே குடத்தோடு போனார்கள். புதியதிலும் ஆபரேட்டரான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்று இன்ஜினீயரையே எங்கள் தெருவுக்குக் கூட்டி வந்தேன். அதற்கென்று செக்காலைத் தையல் கடையில் தைத்த புதுச் சட்டை வேறு. முதலில் என் வீடு. பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

என் மனைவி இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்ஜினீயர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இந்தத் தண்ணீரையா வேண்டாம் என்கிறீர்கள் என்று பெண்களைக் கேட்டார். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் ஒரு வாய் குடித்தேன். மருந்து வாடையே இல்லை. தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்த ஊருணித் தண்ணீர்.

தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏதோ வேலை சொல்லி இன்ஜினீயரை அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே இரண்டு பானை. குழாய்த் தண்ணீர்ப் பானை எனக்கு மட்டுமாம். விருந்தாளிக்கு அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லையாம்.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"நம்ம சின்னவ வயித்தால போயி ஆஸ்பத்திரில கெடந்தாள்ல, அதுல இருந்து. சொன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவீக."

குச்சி ஐஸ்தான் காரணம் என்று அன்றைக்கு ஐஸ்காரரோடு சண்டைக்குப் போனவன் நான்.

அது பழைய தண்ணீர், இது புதுசு, இதில் ஒரு குறையும் கிடையாது என்றேன். அவள் என் பானையைத் திறந்தாள். குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு, சின்னவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். பிள்ளை வாயில் வைக்கப் போனது.

டம்ளரை நான் பிடுங்கிவிட்டேன்.