முன்கூட்டி ஒரு வார்த்தை

ஓசூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் அந்த வகுப்பு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

என் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டிய கிராமம். ராகியும் தக்காளியும்தான் பிழைப்பு. ராகி அறுவடை சமயத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக இந்தப் பக்கம் இறங்கும். நான் பிளஸ் டூ படித்த வருடம், விடிந்தும் விடியாததுமாக ராகிக் கொல்லையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பா திரும்பவில்லை. யானை அடித்துவிட்டது. இதற்கு மேல் இன்றும் எனக்குச் சொல்ல வராது.

கல்லூரியில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் விவசாயம் என்பேன். அதோடு பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த வருடம் சுற்றுச்சூழல் பாடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மேடம் புதிதாக வந்திருந்தார். எதையும் உள்ளூர் உதாரணத்தோடு சொல்ல வேண்டும் என்று மெனக்கெடுவார். அன்றைக்கு மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் இடையிலான மோதல் பற்றிய பாடம். உங்கள் ஊர் விஷயம்தான் என்று சிரித்துக்கொண்டே திரையில் ஒரு வீடியோவைப் போட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வீடியோதான். ராகிக் கொல்லையில் ஒருவர் ஓடுகிறார், பின்னால் யானை. மொட்டை மாடியில் நின்று படம் பிடிப்பவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் ஓடு ஓடு என்று கத்துகிறார்கள். அந்த மனிதர் ஒரு பள்ளத்தைத் தாண்டித் தப்பித்துவிட்டார். வகுப்பே ஹோவென்று கைதட்டிச் சிரித்தது. தப்பித்தாரே என்ற சந்தோஷம்தான், தப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அவர் ஓடியது மட்டும்தான் தெரிந்தது. எழுந்து ஓடி, மாடிப்படி அருகில் இருந்த கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

பின்னாலேயே ஓடி வந்தவள் என் ஹாஸ்டல் அறைத்தோழி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். "என்ன பிள்ள, என்ன செய்யுது?" என்று முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் மேல் பாசமழைதான். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி தன் பையில் தொங்கிய யானை பொம்மையைக் கழற்றிவிட்டாள். அறைத்தோழி எல்லாரையும் மிஞ்சிவிட்டாள். என் போனில் வரும் வீடியோக்களை அவள் பார்த்த பிறகுதான் நான் பார்க்க வேண்டும். ஹாஸ்டல் எதிரிலிருந்த பிள்ளையார் கோயிலுக்குக்கூட என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து வைப்பதுபோல் என்னை எடுத்து வைக்கிறார்களே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஒருநாள் துறைத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடமும் இன்னொரு மூத்த பேராசிரியரும் இருந்தார்கள். மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன. பேச்சு என்னைப் பற்றித்தான். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இனிமேல் இதுபோன்றவற்றைக் காட்டும் முன் மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் மேடம். மூத்த சார் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்குக் கம்பெனிக்குப் போனா அங்க யாரு சொல்லிட்டுச் செய்வாங்க? ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்கும். அதெல்லாம் பார்த்துப் பாடம் நடத்தினா படிப்பு எங்க போய் முடியும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மேசையில் யாராவது ஒருவர் யானை வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டத்தான் செய்கிறார்கள்.

துறைத் தலைவர் நல்ல மனிதர். அவர் ஒரு வழி வைத்திருந்தார். அந்தப் பாடம் முழுவதிலிருந்தும் எனக்கு விலக்கு. சானமாவுக் காட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், யானையால் பயிர் இழந்தவர்களிடம் பேசி எழுத வேண்டிய களப்பணிக்கும் நான் போக வேண்டாம், அதற்குப் பதில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினால் போதும் என்றார்.

அந்த ஜனங்கள் என் ஜனங்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்று அந்த வகுப்பில் எனக்குத்தான் தெரியும். அப்பாவின் சாவு என்னை அங்கிருந்தும் வெளியே தள்ளப் பார்க்கிறதே என்று நினைத்தபோது, எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"சார், எங்க ஊருப் பக்கம் ஆனை இறங்கினா ஃபாரெஸ்ட்காரங்க வண்டியில மைக் கட்டிக்கிட்டு வந்து சொல்லுவாங்க. தமிழ்ல சொல்லுவாங்க, தெலுங்குல சொல்லுவாங்க, கன்னடத்துலயும் சொல்லுவாங்க. சொன்னாங்கன்னு யாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போகலீங்க சார். அன்னைக்கு எந்தப் பக்கம் போலாம், எப்பப் போலாம்னு நாங்களே பார்த்துக்குவோம். எனக்கும் அதேதான் வேணும். முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. போறதா இருக்கறதான்னு நான் பார்த்துக்கறேன். எங்கப்பா போன அன்னைக்கு, ஆனை வந்திருக்குன்னு யாருக்குமே தெரியாது சார். சொல்ல ஆளில்லாம போயிட்டுது."

அழக்கூடாது என்று நினைத்துத்தான் பேசினேன். முடியவில்லை. துறைத் தலைவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். மூத்த சார், "சரிம்மா, ஒரு வார்த்தைதானே. ஆனா பாடத்துல ஒரு வரி குறையக்கூடாது" என்றார். அதைத்தான் நானும் கேட்டேன்.

களப்பணிக்குப் போனேன். காலையில் பேருந்தில் ஏறியபோது பயமாக இருந்ததை மறைக்க மாட்டேன். ராகி முழுவதும் மிதிபட்டுக் கிடந்த ஒரு கொல்லையில், தெலுங்கு பேசும் ஓர் அம்மாவோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசினேன். மற்றவர்களுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாதம் தொழிற்சாலை விபத்துகள் பற்றிய பாடம் வந்தது. மேடம் திரையைப் போடுவதற்கு முன், "இன்னைக்கு ஒரு தீ விபத்து வீடியோ இருக்கு. காயம்பட்டவங்களையும் காட்டுவாங்க. பார்க்க வேண்டாம்னு தோணினா வெளியே போகலாம். யாரும் காரணம் கேட்க மாட்டோம், அட்டென்டன்ஸும் போகாது" என்றார். எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. ஆனால் என் பக்கத்தில் பெஞ்ச் லேசாக நகர்ந்தது. என் அறைத்தோழி எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

பிறகு நானும் எழுந்து போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "எங்கம்மா பட்டாசு ஆபீசுல மருந்து அடைக்கிற வேலைதான் பார்த்தாங்க. நான் அப்ப எட்டாவது படிச்சேன்." அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பாடம் முடிந்து மணி அடிக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

அந்த ஒரு வார்த்தையை எனக்காகக் கேட்டதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே அறையில் படுத்து எழுந்து, என்னை அப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தவளுக்கு அது எனக்கு முன்பிருந்தே தேவைப்பட்டிருக்கிறது. அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை, நானும் ஒருநாளாவது அவளைக் கேட்டதில்லை. இன்றும் நாலு பேர் நடுவில் விபத்தோ சாவோ பேச்சில் வந்தால், யாரிடம் என்ன இருக்கிறதோ என்று அங்கிருக்கும் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன்.