ஒன்பது முறை போனான்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பஸ்கள் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின. நான் சேலத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. குடியிருந்தது செவ்வாய்ப்பேட்டையில். மில்லுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. அதில் பதினோரு வருஷமாக ரைட் பேக் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்நாள் ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் இரண்டே பேர்தான் காவல். வலது பக்கம் ரைட் பேக், இடது பக்கம் லெஃப்ட் பேக். இருவரும் தங்கள் இடத்தை விட்டு அசையக் கூடாது. மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டுவது எங்கள் டீமில் சாமி குத்தம் மாதிரி. பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. அதைப் பெரிய விரதம் போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

எங்கள் லெஃப்ட் பேக் திடீரென்று பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். கோப்பைப் போட்டிக்கு மூன்றே வாரம் இருந்தது. நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் மில்லில் நிரந்தர வேலையும், குடியிருக்க லைன் வீடும் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். டீம் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, "பனமரத்துப்பட்டியில ஒரு பையன் பிரமாதமா ஆடறானாம். நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க. திங்கக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு பேரு வேணும். இல்லேன்னா டவுன் பையன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான், அவனைப் போட்டுடுவேன்" என்றார். டவுன் பையனை எனக்குத் தெரியும். நட்ட கல் மாதிரி நிற்பான். அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்தும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது. அந்த ஏரித் தரையிலேயே மூங்கில் நட்டு, சாம்பலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் வெறுங்கால். ஊர் டீமின் காப்டன் மளிகைக் கடைக்காரர், நல்ல மனிதர். எனக்கு ஒரு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, "அதா, அவன்தானுங்க" என்று காட்டினார்.

இருபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி, ஆனால் கெண்டைக்கால் இரண்டும் உலக்கை மாதிரி. ஒரு பண்ணையத்தில் கூலிக்குக் கவலை ஓட்டுகிறவன் என்று காப்டன் சொன்னார். கவலை என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாடு பூட்டி, தோல் சாலில் கிணற்றுத் தண்ணீரை இறைப்பது. பண்ணையக்காரர் அவனுக்கு அரை நாள்தான் லீவு கொடுத்திருந்தாராம். மில்லில் எடுத்தால் போய்விடலாம், எடுக்காவிட்டால் விடிகாலையில், மாடு இறங்கி ஏறும் கவலை வாரியில் நிற்க வேண்டும் என்று பேச்சு. கல்யாணமாகி ஆறு மாசம். அன்றைக்கு அவன் மனைவி கரையில் மற்றப் பெண்களோடு நின்றுகொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டேன். ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பையனிடம் பந்து வந்தது. உதைத்து விட்டுவிட்டு நிற்பான் என்று பார்த்தால், பந்தோடு ஓடுகிறான்! நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து எழுதினேன்: "இடத்தை விட்டுப் போனான்." கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கூத்து. மறுபடியும் குனிந்து எழுதினேன். மூன்றாவது முறை அவன் முன்னால் போய் அடித்துக் கொடுத்த பந்தில்தான் ஊர் டீம் கோல் போட்டது. கரையில் ஒரே விசில். நான் அதற்கு எதிரே, "அதிர்ஷ்டம்" என்று எழுதினேன். ஆட்டம் முடியும்போது ஒன்பது வரி சேர்ந்திருந்தது.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். நான் வாயைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். எனக்கு அது எப்போதும் வந்ததில்லை.

"இடத்துல நிக்கத் தெரியாதவனுக்கு பேக் ஆட்டம் எதுக்கு? போ, போய் மாட்டை ஓட்டு" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் குரல் மாறவில்லை. "செரிங்க. எங்க தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவனுங்க" என்றான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் கரைக்குப் போய் மனைவியிடம் ஏதோ சொன்னான். அவள் என் பக்கம் அப்புறம் திரும்பவேயில்லை. அன்றைக்கு அது என்னை உறுத்தவில்லை என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் நல்ல காலம், கரி பஸ் காலை வாரியது. டிரைவரும் கண்டக்டரும் ஊதுகுழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், நாங்களெல்லாம் இறங்கித் தள்ளினோம், அது இருமிவிட்டு நின்றுவிட்டது. இனி காலையில்தான் என்றார்கள். காப்டன் விடவில்லை. "எங்க ஊட்டுல தங்கீட்டுப் போலாம் வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, நாங்க ஒரு கோல்கூட வாங்கலியே, அதைக் கவனிச்சீங்களா? அந்தப் பக்கத்து ரைட் அவுட், இவனுக்கு எதிரா ஓடியாறவன், லேசுப்பட்ட ஆளில்லீங்க. மான் மாதிரி ஓடுவானுங்க."

"எதிராளி ஆட்டம் சரியில்லை" என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் முகம் கழுவப் பக்கத்துப் பண்ணையத்துக் கிணற்றடிக்குப் போனேன். கவலை ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது அவன்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலையைக் கவனித்தான். வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து சரிவில் மாடுகளோடு இறங்கினான். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது. கீழே போனதும் குதித்து இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளைப் பின்னுக்கு இழுத்தபடியே தானும் பின்னோக்கியே மேடேறினான். அவன் முதுகுக்குப் பின்னால் கிணறு ஆவென்று கிடக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! இல்லை. கண் மாட்டின்மேல், கால் தானாகப் பின்னால் வருகிறது. அதுவும் என்ன வேகம்! மேலே வந்து சரியான இடத்தில் நின்றான். மறுபடியும் இறங்கினான். மறுபடியும் பின்னாலேயே ஏறினான்.

கையிலிருந்த தண்ணீர் ஒழுகிப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன். மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். போனான், போனான், போனான். ஒன்பது தடவை போனான். ஒரு இடத்திலாவது "வந்தான்" என்று இல்லை. அப்படியானால் எதிரணிக்காரன் ஒன்பது தடவையும் அந்தப் பக்கமாகப் புகுந்திருக்க வேண்டுமே? ஏன் புகவில்லை? இவன் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கிறான். அந்த நேரமெல்லாம் நான் தலையைக் குனிந்து இவன் குற்றத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

"தம்பி, கொஞ்சம் ஏரிக்கு வர்றியா? ஒரு ஆட்டம் பாக்கணும்" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மொளகாப் பாத்தி பாதியில நிக்குதுங்க. தண்ணி கட்டிப்போட்டு வாரனுங்க. வெயிலுக்குத் தாங்காதுங்க அது."

வேறு ஒருவனாக இருந்தால் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருப்பான். இவனைப் போய் இடத்தில் நிற்கத் தெரியாதவன் என்றேனே! பாத்தி முடிகிற வரை கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, இருந்தாலும் அவனை அவசரப்படுத்தவில்லை.

காப்டனிடம் பந்தை வாங்கிக்கொண்டு மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். எதிர் கோலின் பக்கத்தில் அவனை என் முன்னால் நிறுத்தினேன். "நான்தான் ரைட் அவுட். பந்தை எடுத்துக்கிட்டு உன் கோலுக்கு ஓடறேன். தடு பாக்கலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஓடினேன். அவன் எனக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி, பின்னாலேயே போனான். முதுகைக் காட்டவேயில்லை. வலது பக்கம் போவதாக ஏய்த்தேன், அசையவில்லை. இடது பக்கம் வெட்டினேன், அங்கேயும் நின்றான். வெடித்துக் கிடந்த தரையில் எனக்குத்தான் கால் இடறியது, அவனுக்கு இல்லை. நடுக்கோட்டுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கி, பந்து கொஞ்சம் விலகியது. அவ்வளவுதான், கட்டை விரலால் ஒரு தட்டு! பந்து அவனிடம், நான் புழுதியில். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை விழுந்தபோது காப்டன் முந்தானை இல்லாத குறையாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவன் பதறிப்போய்க் கை கொடுத்துத் தூக்கினான். "அடி பட்டுருச்சுங்களா?"

"பட்டது. நல்லா பட்டது" என்றேன். "நேத்து நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்க. உன் பெஞ்சாதியையும் கூட்டிக்கிட்டு சேலத்துக்குக் கிளம்பு."

அவன் கண் நிறைந்துவிட்டது. "பண்ணாடிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாரனுங்க" என்று பண்ணையக்காரர் வீட்டுப் பக்கம் ஓடினான். அது மட்டும் முன்னோக்கித்தான்.

சாயங்காலம் செக்ரட்டரி நம்பவில்லை. "நடுக்கோட்டைத் தாண்டற பேக்கா? நீங்களா சிபாரிசு பண்றீங்க?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இவனால தோத்தா என் இடத்தையும் வேற ஆளுக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

கோப்பைப் போட்டி அன்று சேலத்து மைதானத்தில் நல்ல கூட்டம். முதல் பாதியில் அவன் நடுக்கோட்டைத் தாண்டவேயில்லை. கோடு வரைக்கும் பந்தைக் கொண்டுவருவான், நிற்பான், தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவான். நான் அவனை என்ன பேசியிருந்தேன் என்பது அவன் காலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாதி வந்தும் இன்னும் ஒரு கோலும் விழவில்லை. பந்து அவனிடம் வந்தது. கோட்டருகே போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தான்.

"போ சாமி! நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே என் பதினோரு வருஷத்து இடத்தை விட்டு நடுவே ஓடிவந்து, அவனுடைய பக்கத்தையும் சேர்த்துக் காத்து நின்றேன்.

போனான். இரண்டு பேரைத் தாண்டிப் போய்ப் பந்தைக் குறுக்கே கொடுத்தான். எங்கள் ஆள் தலையால் முட்டினான், கோல்! கூட்டம் எழுந்து குதித்தது. எல்லோரும் கோல் போட்டவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளிகள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்னாலேயே நடந்து தன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தான். கரையில் அவன் மனைவி நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் ஆட்டத்தைப் பார்த்தாள்.

அந்த ஒரு கோலிலேயே கோப்பையை எடுத்தோம். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பது வரிகளுக்கும் எதிரே அன்று சாயங்காலமே "வந்தான்" என்று எழுதிவிட்டேன். பிறகு டைம் ஆபீஸில் எத்தனையோ பேர்மேல் குறை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் பேனாவை மைக்கூட்டில் தோய்க்கும் முன், தலையை நிமிர்த்தி அந்த ஆள் திரும்பி வருகிறாரா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவேன்.