சித்தி ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் அப்போது அதிகம் படித்தவன் நான்தான். ஐந்தாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அதனால், ஓசூர் ஆஸ்பத்திரியில் என் தங்கை ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போன அன்று, அம்மா தன் பெரிய சந்தேகத்தை என்னிடம்தான் கேட்டாள்.

"பங்குச் சாமியார் ஜவளகிரி பக்கம் பூசைக்குப் போயிருக்காராம். வர சாயந்தரம் ஆவும். அதுக்குள்ள புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

ஞானஸ்நானம் பெறாமலே குழந்தை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. கத்தோலிக்கர்களான எங்களுக்கு மீட்பின் வாசல் அந்தத் தண்ணீர். கைக்குழந்தைக்கும் அதைக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிறு மறைக்கல்வியில் சிஸ்டர் சொன்னதை ஒப்பித்தேன்.

"உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணா ஊத்தலாம்மா. மூணு தரம் ஊத்தி செபம் சொல்லணும், அவ்ளோதான்."

யார் வேண்டுமானாலும் சரி. ஆனால் அம்மாவுக்கு வயிற்றில் தையல். அப்பா கம்பெனியில், செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தைகள் வார்டுக்குள் ஒரே ஓர் ஆளைத்தான் விட்டார்கள். அது சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், தானே விசுவாசித்து, தளிக்குப் பக்கத்தில் ஓர் ஏரியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவள். விசுவாசம் என்றால் என்னவென்றே தெரியாத பச்சைக்குழந்தையின் தலையில் தண்ணீர் விடுவது அவளுக்கு வெறும் குளியல். ஞாயிறு மதியம் கறிச்சோற்றுக்கு வந்தால் அப்பாவுக்கும் அவளுக்கும் எப்போதும் இது மாதிரி வழக்குதான்.

"விசுவாசிச்சாச்சு, ரட்சிப்பு வந்தாச்சுன்னு உக்காந்துக்கிட்டா ஆச்சா? நாலு நல்லது செய்ய வேணாமா?" என்பார் அப்பா.

"செஞ்சு செஞ்சு சேத்துக்க ரட்சிப்பு என்ன கம்பெனி ஓ.டி. சம்பளமா மாமா? கர்த்தர் சும்மா குடுக்கறது அது."

"குடுக்கறது அவருதான், யாரு இல்லைன்னா? வாங்கின கை சும்மா இருக்கக் கூடாதுங்கறேன்."

அன்று சித்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ன பாவம் செஞ்சுச்சுக்கா? தண்ணி இல்லாமயே கர்த்தர் சேத்துக்குவாரு. எனக்கு நம்பிக்கை இருக்கு."

"உனக்கு இருக்குடி. எனக்கு பயமா இருக்கே."

சித்தி அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடா சொல்லணும்? ஒழுங்கா சொல்லிக் குடு," என்றாள்.

வாத்தியார் தோரணையில் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மேற்பார்வையும் பார்த்தேன். கன்னடக்கார நர்ஸ் ஒரு கிண்ணத்தில் ஆறிய வெந்நீரைக் கொடுத்துவிட்டு, "பேகா, பேகா" என்று அவசரப்படுத்தினார். சித்தி முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டாள். மறந்துவிடப் போகிறாளே என்று நான் மூன்று விரல்களைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். ஆரஞ்சுப் பழம் அளவே இருந்த அந்தத் தலையில் உள்ளங்கையால் ஒரு தரம், இன்னொரு தரம். மூன்றாவது தரம் ஊற்றிவிட்டு ஈரத்தை முந்தானை நுனியால் ஒற்றினாள்.

சாயங்காலம் சாமியார் வந்து விசாரித்தார். தண்ணீர் சரி, செபமும் சரி. கடைசியாக ஒன்று கேட்டார்.

"திருச்சபை எதை நெனச்சுக் குடுக்குதோ, அதையே நெனச்சுத்தான் ஊத்துனியாம்மா?"

"எங்கக்கா எதை நெனச்சாளோ அதை நெனச்சு ஊத்துனேன், ஃபாதர்."

சாமியார் தலையசைத்தார். "இது போதும். மறுபடி ஊத்தத் தேவையில்ல," என்றார்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சித்தி இன்றும் அதே சபையில்தான் இருக்கிறாள். விஷயம் தெரிந்து அங்கே அவளைப் பல மாதம் பாட்டுக் குழுவில் நிற்கவிடவில்லை என்பது எனக்குத் தெரியவரவே வருஷங்கள் ஆயின.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வெற்றி ஒன்றுதான். ஷிஃப்ட் முடிந்து ஓடி வந்த அப்பாவிடம், "நாமதான் ஜெயிச்சோம்ப்பா! சித்தியே ஊத்திட்டா!" என்று குதித்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போனார். தன்னைவிட வயதில் சின்னவளான சித்தியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்த ஞாயிறு அவள் சாப்பிட வந்தபோது, வழக்கு ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்பா நல்ல கறித்துண்டுகளாகப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தபடியே இருந்தார். ஜெயித்தவர் ஏன் இப்படி அடங்கிப்போனார் என்று எனக்கு விளங்கவே இல்லை.