சனிக்கிழமை ஆட்டம்

என் அலுவலக அறையில் சுவரோடு சாய்த்து ஒரு பழைய கரம் போர்ட் வைத்திருக்கிறேன். ஒரு மூலை உப்பிப் போயிருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் ஒத்திகை பார்த்த மாடியின் கூரை ஒழுகியதால் வந்த வினை அது. வெள்ளைக் காய் ஒன்பதும் கறுப்புக் காய் ஒன்பதும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருக்கின்றன. சிவப்புக் காய் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள், "ஐயா, சிவப்பு எங்க?" என்று கேட்பார்கள். "ஒருத்தர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்று சொல்வேன். யார் என்று சொல்வதில்லை. என்னிடம் சாட்சி கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும். மனிதர்களைச் சந்தேகப்படுவதில் எனக்கு இருக்கும் அனுபவம் இந்தக் கண்டி நகரத்தில் வேறு யாருக்கும் இருக்காது.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கலை மண்டபத்தின் கலைப் பணிப்பாளர் நான். எந்த நாடகம் மேடை ஏற வேண்டும், எந்தக் குழுவுக்கு எந்த மாதம், யார் ஆட வேண்டும், யார் இன்னும் பழகிவிட்டு வர வேண்டும், எல்லாம் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். பட்டம் படித்தவர்கள் என் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தேன். கண்டிக்கு இறங்கி வந்து இரும்புக் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினேன். பிறகு நாடகக்காரர்களுக்குப் பின்கதவு வழியாகக் கட்டில், கதவு, பொய்மரம் எல்லாம் தூக்கிக் கொடுத்தேன். தூக்கிக் கொடுத்துக்கொண்டே பார்த்தேன். பார்த்தே படித்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதை எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆகிறது. பத்திரிகையில் அச்சாகும்போது யாராவது ஒரு சொல்லை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எழுத்து வராததால்தான் கரம் போர்ட் வந்தது. மற்ற நெறியாளர்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள், யார் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று. நான் பலகையை மேடையாக நினைத்துக்கொண்டேன். வெள்ளை ஆண்கள், கறுப்பு பெண்கள், சிவப்பு அந்த நாடகம் யாரைச் சுற்றி ஓடுகிறதோ அந்த ஆள். நடிகர்களைச் சுற்றி உட்காரவைத்து, காயை விரலால் நகர்த்தி நகர்த்திக் காட்டுவேன். இருபது நாடகத்துக்கு மேல் அப்படியே செய்தேன். நாடகம் முடிந்ததும் காய்களை டின்னுக்குள் அள்ளிப் போட்டுவிடுவேன். ஒரு தடயமும் மிஞ்சாது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் அதற்கு முன்பு இரண்டு தடவை, நான் சொல்லிக்கொடுத்த காட்சிகளை வேறு ஆட்கள் அப்படியே எடுத்துப் போட்டு, நோட்டீஸில் தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். என் பெயர் 'மேடை உதவி' என்று அடியில் கிடந்தது.

அப்படிப்பட்ட என்னிடம்தான் கிளாக்கர் ஐயா வந்து சேர்ந்தார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் பழைய பதிவுகளை அடுக்கி வைக்கிற அறையில் அவருக்கு எழுத்தர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு சனிக்கிழமை பிற்பகல், குடையை மடக்கி வாசலில் தண்ணீர் உதறிவிட்டு உள்ளே வந்து, "நான் இருந்து பாக்கலாமோ?" என்று கேட்டார். நடிக்க வேண்டுமா என்றேன். இல்லை. பாட வருமா? வராது. நாடகம் எழுதுவீர்களா? "ஐயோ, எனக்கு அதெல்லாம் சரிவராது." பின்னே எதற்கு வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "சும்மாதான்" என்றார். அந்த ஒரு சொல் போதும். சும்மா என்று ஒருவன் சொன்னால் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள். பேராதனையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு இன்னொரு பஸ், ஒரு வாரம்கூடத் தவறாமல் மனிதர் சும்மா வருவாரா?

ஜன்னலோரக் கதிரையில் உட்காருவார். பிளேன் டீ கொடுத்தால் குடிப்பார். மடியில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. நான் காயை நகர்த்தும்போதெல்லாம் அவருடைய பேனாவும் நகரும். மூன்றாவது வாரம், ஜன்னலைச் சாத்தப் போகிறவன் போலப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சதுரம், சதுரத்துக்குள் வட்டங்கள், வட்டங்களுக்குப் பக்கத்தில் அம்புக்குறி. என் கரம் போர்டை அப்படியே உரித்து எடுத்து வைத்திருந்தார்.

அந்த நேரத்தில் இன்னொரு செய்தியும் காற்றில் இருந்தது. இந்த மண்டபத்துக்குச் சம்பளத்தோடு ஒரு கலைப் பணிப்பாளரை எடுக்கப் போகிறார்களாம். அந்தக் கதிரையில் நான்தான் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அதே கதிரையைக் கேட்க இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கிளாக்கர் ஐயா அவர்களில் ஒருவருடைய ஆள் என்று கணக்குப் போட்டேன். என் புதிய நாடகத்தை அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் நான் மறுபடியும் மேடை உதவிதான்.

சண்டை பிடித்துத் துரத்தியிருக்கலாம். துரத்தினால் வேறு ஆளை அனுப்புவார்கள். அதனால் வேறு வழி செய்தேன். எங்களுக்கு வாரத்தில் இரண்டு ஒத்திகை, புதன்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை பிற்பகலும். புதன்கிழமை அவருக்கு வேலை, வரமாட்டார். அதனால் புதன்கிழமை உண்மையான ஆட்டம். சனிக்கிழமை அவருக்கென்று ஒரு பொய் ஆட்டம். முதலில் இடது வலதை மட்டும் மாற்றினேன். பிறகு, கெட்டிக்காரர் கண்டுபிடித்துவிடுவாரே என்று பயம் வந்தது. பொய் என்றாலும் நம்பும்படி இருக்க வேண்டும் அல்லவா? உண்மையான காட்சியை அமைக்க எனக்கு அரை மணி நேரம் போதும். பொய்க் காட்சிக்கு வாரம் முழுக்க பஸ்ஸிலும் கடையிலும் யோசித்தேன்.

நடிகர்கள் பாடு திண்டாட்டம். அது தோட்டத்தை விட்டுப்போன மகன் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிற கதை. சிவப்புக் காய் அம்மா. அந்த வேஷம் போட்டது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த ஒரு தங்கச்சி. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அண்ணே, புதங்கெழம நான் ஓடிப்போயி மகனக் கட்டிப்புடிச்சு அழுவுறேன். சனிக்கெழம திரும்பியும் பாக்காம வாசல்லயே நின்னு அரிசி பொடைக்கிறேன். நாடகத்தன்னைக்கு எந்த அம்மாவ அனுப்பட்டும்? ரெண்டு பேருக்கும் ஒரே சீலைதான் இருக்கு!"

"புதங்கெழம அம்மாவ அனுப்பு. சனிக்கெழம அம்மா அந்த ஆளுக்கு."

"பாவம்ணே அந்த மனுசன். போன வாரம் எனக்குத் தோச கொண்டாந்து குடுத்தாரு."

"தோச குடுத்து என்னா கேட்டாரு?"

"தோச நல்லாருக்கான்னு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாள். நான் சிரிக்கவில்லை. தோசையும் சந்தேகத்துக்குரியதுதான்.

இப்படி மூன்று மாதம் ஓடியது. விண்ணப்பப் படிவம் வந்தது. தையல்காரத் தங்கச்சிதான் வாசித்துச் சொன்னாள். விண்ணப்பிக்கிறவர் தன்னுடைய நெறியாள்கை வேலையைக் காட்டும் எழுத்துப் பதிவு ஒன்றை இணைக்க வேண்டுமாம். என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு பிஸ்கட் டின். இருபது நாடகம் செய்தவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. முடிவு நாளுக்கு முந்திய சனிக்கிழமை, மனம் விட்டுப்போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கிளாக்கர் ஐயா கதிரையை விட்டு எழுந்து வந்தார். சீ.ஆர். கொப்பியைக் கரம் போர்டின் மேல் வைத்தார்.

"இதைக் குடுங்கோ. உங்கட பெயர்தான் போட்டிருக்கிறன்."

மட்டையில் என் பெயர், அச்சடித்தது போன்ற எழுத்தில். உள்ளே ஒவ்வொரு காட்சிக்கும் சதுரம், வட்டம், அம்பு, கீழே எனக்கே தெரியாத அழகில் இரண்டு வரி விளக்கம்.

"ஆஸ்பத்திரியில ஒரு ஆள் அரை நாள் வந்து போனாலும் அவருக்கு ஒரு ஃபைல் இருக்கு. நீங்கள் இவ்வளவு காலம் வேலை செய்தனீங்கள், உங்களுக்கு ஒண்டும் இல்லை. எனக்கு அது சரியாப் படேல்லை."

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கொப்பியில் இருந்தது முழுக்கச் சனிக்கிழமை ஆட்டம். நான் சொன்ன பொய்களின் பட்டியல். அதைச் சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்று கேட்பாரே. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இந்த ஆள் எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைச் சபையில் கேவலப்படுத்தத்தான் இதைத் தருகிறார் என்று போனது. ஆனால் வெறுங்கையோடு போவதற்கு இது மேல். கொப்பியை எடுத்துக்கொண்டேன். நன்றி கூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் கொப்பியைத் திறந்தே வைத்திருந்தார். மகன் திரும்பி வருகிற காட்சி. அவருடைய விரல் வாசலோரம் வரைந்திருந்த சிவப்பு வட்டத்தில் நின்றது.

"பத்து வருஷத்துக்குப் பிறகு மகன் வாறான். இந்த அம்மா ஏன் வாசல்லயே நிக்கிறாங்க? கிட்டப் போகவே இல்லையே?"

ஒரு திருடனை ஏமாற்ற நிறுத்தினேன் அம்மா என்று சொல்லலாம். அது உண்மை. சொல்லியிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"அவளுக்குச் சந்தேகம்மா. பத்து வருஷம் எட்டிப் பாக்காதவன் இப்ப எதுக்கு வந்திருக்கான்னு யோசிக்கிறா. அவன் திரும்பிப் போயிருவானோன்னும் யோசிக்கிறா. கிட்டப் போனா நம்பிருவோமேன்னு அவளுக்குப் பயம். அரிசில கல்லு பொறுக்குற மாதிரி நின்னுக்கிட்டு அவனக் கண்ணால பொறுக்குறா."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது எனக்குள் எப்போதும் இருந்தது. சிவப்புக் காயை வாசலில் நிறுத்தியது பொய் சொல்வதற்காக. ஆனால் நிறுத்திய கை என்னுடையது. உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை அந்தக் கை செய்திருக்கிறது. புதன்கிழமை அம்மா கட்டிப்பிடித்து அழுதாளே, அது நான் பின்கதவில் நின்று மற்றவர்களுடைய நாடகங்களில் பார்த்த அழுகை.

கதிரை எனக்குக் கிடைத்தது. போட்டிக்கு வந்த மற்ற மூவரும் பட்டதாரிகள் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. நாடகம் மேடை ஏறியபோது, "சனிக்கெழம அம்மாவயே அனுப்பு" என்றேன். தங்கச்சி ஒன்றும் கேட்காமல் சுளகை எடுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

கிளாக்கர் ஐயா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போவதற்கு முன்பு இந்த அறைக்கு வந்தார். என்னை இந்தப் பதவியில் அவர் பார்த்த முதல் நாளும் கடைசி நாளும் அதுதான். பிளேன் டீயும் கருப்பட்டித் துண்டும் வரவழைத்தேன். பலகையை மேசைமேல் எடுத்து வைத்து, அந்தக் காட்சியை அவருக்காக அடுக்கினேன். பிறகு இவ்வளவு நாள் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"ஐயா, ஒங்களுக்குத் தெரியுமா, சனிக்கெழம நான் வேற ஆட்டம் காட்டினேன்னு?"

"ஓம். ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு வந்தனான். படியில நிண்டு பாத்தனான்."

"பாத்துமா சனிக்கெழம ஆட்டத்த எழுதுனீங்க?"

"புதன்கிழமை செய்ததை ஆரும் செய்வினம்" என்றார். "சனிக்கிழமை செய்ததை நீங்கள்தான் செய்வியள்."

"கோவம் வரலியா? ஒங்களத் திருடன்னு நெனச்சேனே."

டீயை ஊதி ஊதிக் குடித்தார். "எனக்காக எண்டு ஒரு நாடகம் ஒருத்தரும் முந்திப் போட்டதில்லை. கிழமைக்குக் கிழமை புதுசு. நான் ஏன் கோவிக்கிறன்?"

அப்போது வெளியே யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய் இரண்டு நிமிஷத்தில் திரும்பினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "அப்ப நான் வாறன்" என்றார். அவர் படி இறங்கிய பிறகு பலகையைப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்பும் அடுக்கிய இடத்தில் அப்படியே இருந்தன. வாசலோரம் காலியாக இருந்தது. மேசைக்கு அடியில் தேடினேன். அலுமாரியை நகர்த்திப் பார்த்தேன். கூட்டுகிற அம்மாவைக் கூட விசாரித்தேன். கிடைக்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ நாடகம். இன்றைக்கும் கடைசி வரிசையில் யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் என் கண் அங்கேதான் போகும். அந்தக் குணம் போகவில்லை, போகவும் வேண்டாம், என் சோறு அதில்தான் வேகிறது. ஆனால் அந்த மனிதர் என்னிடம் இருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று மூன்று மாதம் காவல் இருந்தேனே, கடைசியில் எடுத்தது ஒரே ஒரு காய். யாழ்ப்பாணத்தில் அவருடைய அலுமாரியில், கண்ணாடிக்கும் பேனாவுக்கும் பக்கத்தில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். பல தடவை போனை எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். கேட்டு, "நான் எடுக்கேல்லையே" என்று அவர் சொல்லிவிட்டால்?

பலகையை மேசைமேல் எடுத்துப் போட்டு, பொத்தானை வாசலோரம் வைக்கிறேன். அது இருக்கட்டும் அங்கேயே.