அங்காளம்மாளின் இடது கை

கூடையை இறக்கியதும் அங்காளம்மாள் முதலில் தன் இடது கையை வெயிலில் வைப்பாள். வலக்கையால் அதைத் தூக்கி, பழவேற்காட்டில் பஸ் வந்து நிற்கும் இடத்து மணலில், உள்ளங்கை மேலே பார்க்கப் படுக்க வைத்துவிட்டு, அது சூடேறும்வரை காத்திருப்பாள். அதற்கப்புறம்தான் நண்டு வியாபாரம். பக்கத்தில் பனையோலைக் கூடை விற்கும் சைதாவுக்கு இது தினப்படி வேடிக்கை.

"இன்னாக்கா, கருவாடு காயப் போட்டுட்டியா?"

"கருவாடாச்சும் வெல போவும். இது எங்க ஊட்டு மாப்ள. ஒரு வேல செய்யாது. எண்ணெ தேய்க்கணும், ஒத்தடம் குடுக்கணும், அப்பவும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு ஜில்லுன்னு கீது."

நண்டு வாங்கப் போகிறவன் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதானே? ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து போகும் நான், இவள் பேச்சைக் கேட்டு நின்று பஸ்ஸைத் தவறவிட்டு, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். என்ன செய்ய, அப்படி ஒரு வாய்!

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஒருவழியாகத் தேறிவிட்டது, கைதான் தகராறு. விரல்கள் மடங்குகின்றன. ஆனால் ரெண்டு நண்டு கட்டுவதற்குள் நடுங்கி ஓய்ந்துவிடும். உயிர் நண்டைக் கொடுக்கு அசையாதபடி கயிற்றால் கட்டித்தான் விற்க வேண்டும். இடக்கை முதுகுப்பக்கமாக அழுத்திப் பிடிக்க, வலக்கை கயிற்றைச் சுற்றும். ஒரு கையால் நடக்கிற காரியமில்லை.

டாக்டர் சொன்னதை அவள் எனக்கு விளக்கினாள். "சதை வேல செஞ்சாதான் ரத்தத்த இழுத்துக்குமாம், அதுல கீற காத்த எடுத்துக்குமாம். சும்மா கெடந்தா ரத்தம் வர்ற வழியே சுருங்கிப் பூடுமாம். நம்ம ஏரி கடல்ல சேர்ற மொகத்துவாரம் மாதிரிதான் சார். தண்ணி ஓடிக்கினே இருந்தா வழி கீது. நின்னா மணலு மூடிக்கும்."

அதனால் அந்தக் கைக்கு அவள் ஓய்வே கொடுப்பதில்லை. கட்டிய நண்டை இடக்கையால்தான் எடுத்து நீட்டுவாள். கீழே விழும். நாம் குனிந்தால் கோபம் வந்துவிடும். "உடு சார், போட்டவன் எடுக்கட்டும்."

அவள் புருஷன் கலியன் ஏரியில் வலை போடுகிறவன், அதிகம் பேசாதவன். இந்தக் கைப்பயிற்சியெல்லாம் அவனுக்குப் பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. தை மாதத்தில் ஒரு நண்டு இடது விரலைக் கவ்விக்கொண்டிருக்க, இவள் பாட்டுக்குச் சைதாவோடு பேசிக்கொண்டிருந்தாளாம். சைதா அலறிய பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். அந்தப் புண் லேசில் ஆறவில்லை. அன்றிலிருந்து கலியன் ஒரே பிடியாக நின்றான்.

"கடிச்சாக்கூட தெரியல. அது செத்த கை மே. சீழ் வச்சு, வெட்டணும்னு சொன்னா இன்னா பண்ணுவ? இந்த மாசத்தோட உட்டுடு. ஊட்ல குந்து."

"ஊட்ல குந்திக்கினு?" என்றாள். அவ்வளவுதான். இடது கையை வலக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு கலியனும் கூட வந்து, அவள் கட்டுவதையே முறைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிடி தளர்ந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நண்டு திரும்பி அவளுடைய இடது சுண்டுவிரலைக் கவ்வியது.

"ஐயோ!" என்று அலறினாள் அங்காளம்மாள்.

கொடுக்கை முறிக்கக் கலியன் பாய்ந்தான். அவள் வலக்கையால் அவனைத் தடுத்தாள்.

"இருய்யா, கழட்டாத. நோவுது."

"நோவுதுன்னா கைய உடு மே!"

"யோவ், நோவுதுய்யா! என் கை நோவுதுய்யா!"

கண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறாள். சைதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கலியன் கொடுக்கை முறித்து விரலை விடுவித்தான். ரத்தம் வந்தது. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டான். துண்டின் ஓரத்தைக் கிழித்து விரலில் சுற்றினான். பிறகு கூடைக்குள் கைவிட்டு, அடுத்த நண்டை முதுகுப்பக்கமாகப் பிடித்து எடுத்து, அவளுடைய இடது கையில் வைத்தான்.