கெட்டி ஸ்பிரிங்

கே.ஜி.கண்டிகையில் துளசிங்கத்தின் பட்டறைக்கு முப்பது வயது. கரும்பு ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தொங்கிப்போன வண்டிகளெல்லாம் அவரிடம்தான் வரும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி அனுப்புவார்.

மைத்துனன் ராஜீவ் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் அவர் அதையே செய்தார். இரண்டே பேர் உட்காரும் வண்டி. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். வேகமெடுக்கும்போது சக்கரம் வெறுமனே சுழல்கிறது, ரோட்டைப் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றுதான் கொண்டுவந்தான்.

போன வாரம் மழையில், மலைக்கோயில் ரோட்டு வளைவில் பின்பக்கம் வழுக்கி, கார் சுவரை உரசி நின்றது. உள்ளே அவன் அக்கா, துளசிங்கத்தின் மனைவி அனுராதா. யாருக்கும் அடியில்லை. மாமனார் பெருமாள் மகனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "மாடு ஓட்டக்கூட லாயக்கில்ல."

துளசிங்கம் காரைப் பட்டறைக்கு இழுத்துவந்தார். ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோதே தப்பு தன்னுடையது என்று புரிந்துவிட்டது. பாரமில்லாத காருக்குப் பார வண்டியின் ஸ்பிரிங்; சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் துள்ளியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டார். சக்கர மூட்டுகளில் இற்றுப்போன ரப்பர்களை மாற்றினார். காரைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகே போல்ட்டுகளை இறுக்கினார். ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் அனுராதா பரிமாறிய சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிறு காலை, தூறலில் அனுராதாவோடு மாமனார் வீட்டுக்குப் போனார்.

"சாவிய குடுங்க மாமா. தப்பு அவன் மேல இல்ல. லோடு வண்டி கணக்கா நான்தான் ஸ்பிரிங் போட்டுட்டேன்."

"இத்தினி நாளு வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருந்தீங்க மாப்ள?" என்றார் பெருமாள். சாவி மட்டும் வந்துவிட்டது.

"நல்லா இருக்குது பாவா! நீங்க செஞ்சதுக்கு நான் திட்டு வாங்கிகினு இருந்தேன்," என்றான் ராஜீவ்.

அனுராதா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல நீங்க போய்ட்டு வாங்க. முழுசா வந்தா நான் ஏர்றேன்."

பட்டறையிலிருந்து காரை எடுத்து ராஜீவ் ஓட்ட, துளசிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே வளைவு, அதே ஈரம். "மெதுவா போவாத, அன்னிக்கு மாதிரியே திருப்பு," என்றார். கார் பின்பக்கம் லேசாக அமுங்கியது. சக்கரம் ரோட்டைக் கவ்வியது. துளி வழுக்காமல் மேலேறியது.

"பாவா, கைய எடுங்க. கதவு கழண்டு வந்துடப் போவுது."

அப்போதுதான் துளசிங்கம் கைப்பிடியை விட்டார். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை.

திரும்பி வந்தபோது அனுராதா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"ஒழுங்கா போச்சாடா?"

"ஆங். பசை போட்டாப்ல போவுதுக்கா."

அவள் கணவர் பக்கக் கதவைத் திறந்தாள். "அப்ப எறங்குங்க."