வலப்பக்கக் கயிறு மட்டும்

1. சேர்ந்த நாள்

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் அளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிறகு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கைட்போர்டிங் பள்ளியில் டெக்னிக்கல் ஹெட் ஆனேன். பெரிய காத்தாடி இழுக்க, பலகையில் நின்றபடி தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு அது. பள்ளியில் மொத்தம் மூன்று பேர்: ஓனர், நான், பயிற்சியாளர் வேலாயுதம். பாதுகாப்பு விதிகள் எழுதிய போர்டு எங்கள் மூவரையும்விடப் பெரியது.

வேலாயுதம் பக்கத்துக் குப்பத்து மீனவர். பள்ளிக்கூடம் போனதில்லை. காற்று திரும்பப் போவதைக் கால்மணி முன்னதாகவே சொல்லிவிடுவார்.

"சார், இங்க பாஸ், ஸ்டாஃப்னு எல்லாம் இல்ல. நாம ஒரே ஃபேமிலி" என்றார் ஓனர். குடும்பத்தில் நாற்காலி இரண்டுதான் இருந்தது. வேலாயுதம் நின்றுகொண்டிருந்தார்.

2. டிக்

காத்தாடியின் முன்விளிம்பைத் தாங்கும் மெல்லிய கயிறுகளுக்கு பிரைடில் என்று பெயர். அவை சின்னச் சின்னப் புல்லிகள் வழியே ஓடும். வலப்பக்கப் புல்லி உப்பேறிச் சுழலாமல் நின்றுபோய், கயிற்றை ரம்பம் போல் அறுத்துப் பஞ்சாக்கியிருந்தது. தயாரிப்பாளர் தாளில் இருந்த அளவுக்கு, மில்லிமீட்டர் பிசகாமல் புதுக் கயிறு வெட்டி, புதுப் புல்லியோடு அந்தப் பக்கம் மட்டும் மாட்டினேன்.

"அந்தாண்ட பக்கத்தையும் மாத்திடுங்க சார்" என்றார் வேலாயுதம். "அது ரெண்டு சீசன் இழுபட்டு நீண்டுபூட்ச்சு. புச்சு குட்டையா நிக்கும். வலைக்கு மேல்கயிறு போட்டாகூட நாங்க ஒரு பக்கம் மட்டும் மாத்த மாட்டோம்."

"இது வலை இல்லப்பா. இந்தக் கயிறு நீளாது. தாள்லயே போட்டிருக்கு."

"தாளு எத்தினி நாள் சார் தண்ணில கெடந்துது?"

சிரித்துவிட்டேன்.

"செரி, ஒரு தபா நான் பறக்கவுட்டுப் பாக்கறேன்" என்றார். அதற்குள் சென்னையிலிருந்து சனிக்கிழமை பேட்ச் வந்து இறங்கிவிட்டது. செக்லிஸ்ட்டில் 'சோதனைப் பறப்பு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். என் டிக் எப்போதும் அழகாக இருக்கும்.

3. அறிக்கை

வந்தவர்களில் ஒரு கம்பெனி மேனேஜர், "சிவப்புதான் போட்டோல நல்லா வரும்" என்று அதே காத்தாடியைக் கேட்டு வாங்கினார். வாடைக்காற்று ஒரு வீச்சு வீசியதும் அது இடப்பக்கமாகவே சாய்ந்து, அவரைச் சிப்பித் திட்டின்மேல் இழுத்துப்போனது. வேலாயுதம் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிப்போய்க் காத்தாடியைக் கழற்றிவிட்டார். மேனேஜருக்குத் தொடையில் ஏழு தையல்.

அன்று மாலை இரண்டு பக்கத்தையும் அளந்தேன். இடப்பக்கம் இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

"விபத்துக்கு ரூட் காஸ் என்னன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார் ஓனர். "ஆனா எக்விப்மென்ட்னு வந்தா ஸ்கூலையே மூடணும். பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், படத்தோடு: பயிற்சியாளர் உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லை.

கையெழுத்துக்கு அழைத்தபோது வேலாயுதம், "இன்னா சார் எழுதிக்கீது? படிச்சுக் காட்டுங்க" என்றார்.

தாளைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைச் சொன்னேன். "காத்து திடீர்னு மாறிடுச்சு, யார் மேலயும் தப்பு இல்லைன்னு போட்டிருக்கேன்."

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று சொல்லி, பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நாற்காலிப் பற்றாக்குறை தீர்ந்தது. அவர் வேலை கேட்டுப் போன மற்றப் பள்ளிகளும் அந்த அறிக்கையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பின.

4. திருத்தம்

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு: பிரைடிலை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புல்லியை நல்ல தண்ணீரில் கழுவி, விரலால் சுழற்றிப் பாருங்கள். பறக்கவிடாமல் டிக் போடாதீர்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். தெரியாமல் ஒரு பக்கம் மாற்றினேன் என்று அன்றே நான் சொல்லியிருக்கலாம். அளந்து பார்த்த பிறகு எழுதியதற்குத்தான் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

போன வாரம் அறிக்கையைத் தமிழில் திருத்தி எழுதினேன். ஓனருக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்புமுன் வேலாயுதத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வலையில் சிக்கிய நண்டை விடுவித்துக்கொண்டே கேட்டார்.

"அளவு தப்பறது சகஜம் சார். எங்களுக்குந்தான் தப்பும். ஆனா அன்னிக்குத் தாளப் பாத்துகினே சொன்னீங்களே..."

புதுத் தாளைப் படிக்க வாய் திறந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, எட்டாவது வரை படித்த மனைவியிடம் நீட்டினார்.

"நீ படி மே. மொதல்லேர்ந்து படி."